துயிலில் ஒடுங்கும் மூச்சு: மறதியுற்ற முதியோர் பொருட்டு ஒரு விண்ணப்பம்

குறட்டைவிட்டு உறங்குகின்றவர் ஆழ்ந்து உறங்குகின்றார் என்பது நம்மவரிடை நெடுநாளாக வேரூன்றி நிற்கும் ஓர் எண்ணம். பகலுணவுக்குப் பின் திண்ணையிற் சாய்ந்த பெரியவர் தெருவெல்லாம் கேட்கக் குறட்டைவிடக் கண்டால், 'கவலையற்ற மனிதர். எத்துணை நிம்மதியான தூக்கம்!' என்று வியந்து, சந்தடி செய்யும் சிறுவரை அடக்குவோம். அக்குறட்டை இடையிடையே திடீரென்று அடங்குவதையும், பத்து இருபது விநாடி மூச்சின் ஒலியே கேளாமல் மார்பு மாத்திரம் விம்மித் தணிவதையும், பின்னர் ஒரு பெருந்திணறலோடு மூச்சு மீளுவதையும் நாம் உற்று நோக்குவதில்லை. நோக்கினும் அதன் பொருள் யாதென்று வினவுவதில்லை. அப்பெரியவர் மறதிநோய் உற்றவராகவும் இருப்பின் சொல்லவே வேண்டுவதில்லை. அவர்பாற் காணும் எக்குறையையும் மறதியின்மேல் ஏற்றி அமைந்துவிடுகின்றோம். இப்பழக்கம் பிழையென்பதும், அப்பிழையால் முதியோர் பலர் தணிக்கத்தக்க துன்பமொன்றைத் தணிப்பாரின்றிச் சுமக்கின்றனர் என்பதுமே யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விழையும் கருத்தாகும்.

முதற்கண் இந்நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுவாம். உறங்குங்கால் உடலின் தசைகள் தளர்வன போலவே, தொண்டையைச் சூழ்ந்த தசைகளும் தளர்கின்றன. சிலர்க்கு அத்தளர்ச்சி மிகுதியாகி, நாவின் அடிப்பகுதி பின்னே சாய, மூச்சு செல்லும் வழி குறுகுகின்றது; அல்லது முற்றும் அடைபடுகின்றது. குறுகிய வழியிற் புகும் காற்றின் ஒலியே குறட்டை. வழி அடைபட்டபோதோ ஒலியும் இல்லை, மூச்சும் இல்லை. குருதியிற் பிராணவாயு குறைகின்றது. மூளை அதனை உணர்ந்து உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகின்றது. தசை இறுகி வழி திறக்க, திணறலோடு மூச்சு மீள்கின்றது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இரவு முழுதும் இவ்வாறு நிகழ்ந்தும், தாம் விழித்ததை உறங்கினவர் காலையில் அறியார். இதனையே வைத்தியர் 'ஸ்லீப் ஆப்னியா' என்பர்; துயில்மூச்சுத் தடை என்று யாம் வழங்குவாம்.

பத்து விநாடியேனும் மூச்சு நிற்பதையும், அந்நேரம் மூச்சு மிகக் குறைந்து பிராணவாயு தாழ்வதையும் ஒவ்வொரு தடையாகக் கொண்டு, மணிக்கு எத்தனை தடை என்று எண்ணி நோயின் கடுமையை அளப்பது வழக்கம். மணிக்கு 5 முதல் 15 வரையாயின் சிறிது. 15 முதல் 30 வரையாயின் நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் ஆயின் கடுமை. மணிக்கு 30 என்பது இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று; ஏழு மணி நேர உறக்கத்தில் 210. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை தோளைத் தொட்டு உலுக்கி எழுப்பிக்கொண்டே இருப்போமாயின், திடமான இளைஞன் ஒருவன் மறுநாட் காலையில் எந்நிலையில் இருப்பான்? எரிந்து விழுவான், எடுத்த பொருளை வைத்த இடம் மறப்பான், உட்கார்ந்த இடத்திலே கண்ணயர்வான். இளைஞன் நிலை இதுவானால், அறிவு முன்னரே தளர்ந்த முதியோர் நிலை என்னாகும்?

இந்நோய் நம் காலத்துக்குப் புதியதன்று, அறிந்துகொண்டதே புதிது. ஆங்கில வகுப்பில் நம் மாணவர் பெயர் கேட்டறிந்த சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் கதையிலே ஜோ என்னும் பருத்த பையன் ஒருவன் வருகின்றான். ஏவிய வேலையைச் செய்யும்போதே உறங்கிக் குறட்டைவிடுவது அவன் இயல்பு. கதை படித்தோர் யாவரும் அவனைக் கண்டு நகைத்தனர். 1956-இல் அமெரிக்க வைத்தியர் சிலர் பருத்த உடலும் பகலுறக்கமும் மூச்சுக் குறைவும் ஒருங்குடைய நிலைக்குப் பிக்விக்கின் பெயரையே இட்டு எழுதினர். 1965-இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதைக் கருவிகொண்டு பதிவு செய்து காட்டினர். ஆயினும், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதன்றி வேறு உறுதியான பரிகாரம் அந்நாளில் இல்லை. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் காலின் ஸல்லிவன் என்னும் வைத்தியரும் அவர்தம் உடனுழைப்பாளரும் எளிய வழியொன்றை 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். மூக்கின்மேற் பொருத்திய மாஸ்க்கின் வழியே சிறிது அழுத்தமுள்ள காற்றை இடைவிடாது செலுத்தினால், பந்தினுட் காற்று நின்று அதனைச் சுருங்கவிடாதது போல, அக்காற்றே தொண்டையை அடைபடாமல் தாங்கி நிற்கும் என்பது அவர் கண்ட உண்மை. இன்று 'ஸீ-பாப்' என்று யாவரும் வழங்கும் கருவி இதுவே.

இனி, மறதிநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது? இந்திய நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 7 பேருக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோய் உற்றவரென 2023-இல் வெளியான ஆராய்ச்சியொன்று கணக்கிட்டது. துயில்மூச்சுத் தடையும் முதுமையில் மிகுவதொன்று. ஆகவே, இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து நிற்றல் அரிதன்று. 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், சராசரி 82 வயதுள்ள, அறிவு குன்றாத மூதாட்டியர் 298 பேரின் உறக்கத்தைச் சோதித்து, ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் அவர்களை ஆராய்ந்தனர். மூச்சுத் தடை உடையவருள் 100-க்கு ஏறக்குறைய 45 பேருக்கும், அஃது இல்லாதவருள் 31 பேருக்கும் அறிவுக் குறைவோ மறதிநோயோ தோன்றியிருந்தது. மூச்சுத் தடையே மறதிக்குக் காரணமென்று இதுகொண்டு முடிவுகட்டல் ஆகாது. இரண்டும் ஒருங்கு நடப்பன என்ற அளவே இதனால் துணியப்படும். ஆயினும், ஒருங்கு நடக்கும் இரண்டனுள் ஒன்றற்குப் பரிகாரம் உண்டென்றால், அதனை நாடாது விடுதல் அறிவுடைமையாகுமா?

நாடாது விடுவதற்குக் காரணம் ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின்மேல் ஏற்றுதலேயாம். பகலெல்லாம் நாற்காலியில் தலைசாய்த்துக் கிடத்தல், காலையில் தலைவலி, காரணமற்ற சினம், இரவில் எழுந்து உலாவுதல், நான்கைந்து முறை சிறுநீருக்கு எழுதல், திசையறியாது மயங்குதல் ஆகிய இவற்றை மறதிநோயும் தரக்கூடும்; மூச்சுத் தடையும் தரக்கூடும். மூச்சு அடைபடும்போது இதயத்தின்மேல் உண்டாகும் இழுப்பினால் சிறுநீர் மிகுதியாகச் சுரக்கும் என்பதை அறிந்தார் சிலரே. உறக்கத்திற் கையையும் காலையும் வீசிக் கூவுதல் 'லூயி பாடி' என்னும் ஒருவகை மறதிநோயின் குறியென்பர். கடுமையான மூச்சுத் தடையும் அதனையே போன்ற தோற்றத்தைத் தருவதுண்டென்று ஸ்பெயின் நாட்டுப் பார்ஸிலோனா நகரத்து ஆராய்ச்சியாளர் 2005-இல் காட்டியுள்ளனர். ஆகலின், சோதித்தல்லது இன்னதென்று துணிதல் அரிது.

யாம் அறிந்த இல்லமொன்றில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். அவ்வில்லத்துப் பெரியவர் பல்லாண்டு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதிநோய் தொடங்கி மூன்றாண்டு ஆயிற்று. நள்ளிரவில் எழுந்து, பள்ளிக்கு நேரமாயிற்றென்று குடையைத் தேடுவார், வெளிக்கதவின் தாழைப் பிடித்து இழுப்பார், தடுத்தால் சினப்பார். அவர்தம் மனைவியார் இரண்டாண்டுகளாக ஓரிரவேனும் தொடர்ந்து உறங்கியதில்லை. உறக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தனர். மாத்திரை உண்ட இரவில் குறட்டை முன்னினும் உரத்தது. மறுநாள் பிற்பகல் வரை மயக்கம் தெளியவில்லை. குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததே கண்ட பயன். வீட்டார் அனைவரும், நோய் முற்றிவிட்டது, இனிச் செய்வது யாதுமில்லை என்ற முடிவுக்கு வந்தனர்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன், ஒரு கல்லூரி மாணவன், தாத்தாவின் கட்டிலருகே பாய் விரித்துப் படுத்தான். குறட்டை நின்றபோதெல்லாம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். 15, 22, 30 விநாடி என்று ஒரு தாளிற் குறித்தான். ஒருமணி நேரத்தில் 31 வரிகள் ஆயின. அத்தாளை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் சென்றனர். 'இந்த வயதில் இதெல்லாம் உள்ளதுதான். மறதி உள்ளவருக்கு மெஷின் வைத்து என்ன செய்யப்போகின்றீர்கள்?' என்றார் முதலிற் கண்டவர். இரண்டாமவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவ்வெண் ஏறத்தாழ ஒத்தே வந்தது. கடுமையான தடை என்று தெரிந்தது.

கருவி வந்த முதலிரவில் பெரியவர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். இரண்டாம் இரவிலும் அங்ஙனமே. பாட்டியார் ஒரு வழி கண்டார். பெரியவர் நாடோறும் மாலையில் வானொலிச் செய்தி கேட்கும் வழக்கமுடையவர். அந்நேரத்தில், காற்றில்லாத வெறும் மாஸ்க்கை முதலில் அவர் கையிற் கொடுத்தார். மறுநாள் தாம் மூக்கில் வைத்துக் காட்டினார். பின்னர் அவர் மூக்கில் இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், செய்தி முடியுமளவும் என்று பழக்கினார். மூன்றாம் வாரத்தில் காற்றையும் சேர்த்தார். ஆறு வாரம் கழிய, இரவில் நான்கைந்து மணி நேரம் அஃது அவர் முகத்தில் நின்றது. மறதி மீண்டதா என்பாருக்கு, மீளவில்லை என்பதே எம் விடை. பேரன் பெயரை இன்றும் மாற்றியே அழைக்கின்றார். ஆனால், குடையைத் தேடும் இரவுகள் அருகின. காலையிற் காப்பி அருந்தும்போது விழித்திருந்து, பத்திரிகையைக் கையில் வாங்கி, தலைப்பெழுத்துக்களை உரக்கப் படிக்கின்றார். பாட்டியாரும் உறங்குகின்றார். இதனைச் சிறு பயனென்று கூறுவார், இரண்டாண்டு உறங்காதிருந்து பார்ப்பாராக.

ஓரில்லத்துக் கதை சான்றாகாது என்று நம் விஞ்ஞான ஆசிரியர்கள் கூறுவர், கூறுதல் முறையே. அமெரிக்காவின் ஸான் டியகோ நகரத்தில் அல்ஸைமர் என்னும் மறதிநோயும் மூச்சுத் தடையும் ஒருங்குடைய 52 பேரைக்கொண்டு நடத்திய சோதனையின் பயன் 2008-இல் வெளிவந்தது. நோய் மிக முற்றியவரை விடுத்து, சிறிதும் நடுத்தரமுமான நிலையில் உள்ளாரையே எடுத்துக்கொண்டனர். ஒரு சாராருக்கு ஆறு வாரம் மெய்யான காற்றழுத்தமும், மற்றொரு சாராருக்கு மூன்று வாரம் போலியும் பின் மூன்று வாரம் மெய்யும் கொடுத்தனர். மூன்று வார முடிவில் இரு சாராரையும் ஒப்பிட்டபோது அறிவாற்றலில் ஐயமற்ற வேறுபாடு காணவில்லை. ஆனால், மெய்யான அழுத்தம் பெறுமுன்னும் பெற்ற பின்னும் அவரவர் நிலையை ஒப்பிட்டபோது முன்னேற்றம் தெரிந்தது. பகலுறக்கம் குறைந்ததென்று அதே கூட்டத்தார் 2006-இல் எழுதியுள்ளனர். பத்தே பேரை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து கண்ட சிற்றாராய்ச்சியில், கருவியை விடாது கைக்கொண்டார்க்கு அறிவுத் தளர்ச்சியும் உறக்கக்கேடும் மெல்ல நடந்தன என்று 2009-இல் குறித்தனர். இவை பெருஞ்சான்றுகள் அல்ல. இவற்றை மிகைபடப் பேசி, மறதி தீரும் என்று எவரேனும் கருவி விற்க வருவாராயின் அவரை நம்பற்க. ஆயினும், பயனே இல்லை என்பார் கூற்றை மறுப்பதற்கு இவை போதியன.

'மறதியுற்றவர் மாஸ்க்கைப் பொறுக்கமாட்டார்' என்பது இரண்டாவது தடை. இதற்கும் அந்நகரத்தாரே விடை தந்துள்ளனர். அல்ஸைமர் நோயுற்ற முதியோர் இரவொன்றுக்குச் சராசரி ஐந்து மணிக்குச் சிறிது குறைய மாஸ்க்கை அணிந்திருந்தனர் என்று 2006-இல் அவர்கள் வெளியிட்டனர். அறிவு தெளிந்தவருள்ளும் பலர் இவ்வளவு அணிவதில்லை. மனச்சோர்வு மிக்கவரே குறைவாக அணிந்தனர் என்பதும் அவ்வாராய்ச்சியிற் புலனாயிற்று. ஆகவே, மாஸ்க்கை மறுப்பவரிடத்து மறதியை மாத்திரம் கடிந்துகொள்ளாது, உள்ளச் சோர்வு உண்டோ என்று நோக்கி அதற்கும் மருந்து செய்தல் வேண்டும்.

மூன்றாவதாக, 'ஒரு மாத்திரை கொடுத்தால் தீர்ந்தது' என்பார் உளர். இதனினும் கேடான எண்ணம் பிறிதில்லை. அல்பிரஸோலாம், டையஸிபாம் போன்ற உறக்க மாத்திரைகள் முன்னரே தளர்ந்த தொண்டைத் தசையை மேலும் தளர்த்தக்கூடும். தடுமாற்றத்தையும் மயக்கத்தையும் மிகுவிக்கும். விழுதலுக்கும் எலும்பு முறிவுக்கும் வழி திறக்கும். மறதியுற்ற முதியோர்க்கு இவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டுமென்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தார் அறிவுறுத்தியுள்ளனர். ஆனால், பல நாள் உண்டு பழகியவருக்கு வீட்டாரே திடீரென்று நிறுத்திவிடுதலும் தீங்கு பயக்கும். வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தலே நெறி. மறதிக்குக் கொடுக்கும் டோனெபெஸில் என்னும் மருந்தும் சிலருக்கு இரவிற் கொடுங்கனவு விளைப்பதுண்டு; வைத்தியரைக் கேட்டு அதனைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனிச் செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுவாம். பரிசோதனையே முதற்படி. ஆஸ்பத்திரியில் ஓரிரவு தங்கி, தலையிலும் மார்பிலும் கம்பிகள் ஒட்டிச் செய்யும் சோதனை முழுமையானது. பழகாத இடத்தில் மறதியுற்றவர் மருள்வராதலின், வீட்டிலேயே சிறு கருவிகொண்டு செய்யும் சோதனை போதுமா என்று வைத்தியரைக் கேட்டல் நலம். இதயத் தளர்ச்சியோ பக்கவாதமோ உள்ளாருக்கு, தொண்டை திறந்திருக்கவும் மூளை மூச்சுக்கு ஆணையிடாது விடும் வேறொரு வகைத் தடையும் நேர்வதுண்டு. அதற்குப் பரிகாரமும் வேறாதலின் வகையறிதல் இன்றியமையாதது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பல வீடுகளில் விரலிற் பொருத்திப் பிராணவாயு அளக்கும் கருவி உளது. அது குறிப்புத் தரும், தீர்ப்புத் தராது.

கருவிக்கு முன்னும் கருவியோடும் செய்வன சில உள. மல்லாந்து படுக்கும்போதே நாக்கு பின்னே சாய்தல் மிகுதியாதலின், முதுகின் பின் நீண்ட தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கச் செய்யலாம். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தலாம். மூக்கடைப்பு இருப்பின் நீக்க வேண்டும். தைராயிட் சுரப்பியின் குறைவும் இந்நோயை மிகுவிக்குமாதலின் அதனைச் சோதித்தல் நன்று. மதுவை இரவில் அறவே விலக்க வேண்டும். உடல் மெலிவித்தல் இளையோர்க்கு நல்ல பரிகாரமாயினும், உண்ண மறந்து மெலிந்துவரும் முதியோரிடம் அதனைப் பேசுதல் தகாது. தாடையை முன்னிழுக்கும் பற்கருவி பற்கள் உறுதியாக உள்ளவர்க்கே ஏற்கும்.

மாஸ்க்கைப் பழக்குதற்கு மேற்கூறிய பாட்டியார் கண்ட வழியே ஏற்ற வழி. பகலில் தொடங்குக, விரும்பும் காரியத்தோடு சேர்க்குக, அழுத்தத்தைத் தாழ்விலிருந்து ஏற்றும்படி வைத்தியரைக் கேட்குக. நாடோறும் ஒரே நேரத்தில், ஒரே கை, ஒரே சொல் என்றிருத்தல் நலம். நினைவு போயினும் பழக்கம் எளிதிற் போகாதென்பதை, பழம்பாட்டை மறவாத மறதியாளரைக் கண்டார் அறிவர். மூக்கு உலர்ந்தால் நீராவி கலக்கும் பகுதியைப் பயன்படுத்துக. அதன் தண்ணீரை நாடோறும் மாற்றுக. நள்ளிரவிற் சிறுநீருக்கு எழுந்தவருக்கு மீண்டும் மாஸ்க்கை அணிவிப்பதைப் பெரும்பாலோர் மறக்கின்றனர். பாதி இரவின் பயன் அங்கே போகின்றது. மின்சாரம் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிடுக. தம் கையால் மாஸ்க்கைக் கழற்றும் ஆற்றல் அற்றவருக்கு வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கைப் பொருத்துதல் இடர் தரும். வாந்தி நேரின் மூச்சினுட் புகும். அத்தகையார்க்கு வைத்தியர் ஆலோசனையின்றி ஒன்றும் செய்யற்க. மூன்று மணி நேரம் அணிந்து பின் கழற்றி எறிந்தாராயின், எறிந்ததை எண்ணி வருந்தாது, அணிந்த மூன்று மணியைப் பேறாகக் கொள்க.

ஈண்டு ஓர் எல்லையும் கூறுதல் கடமையாகும். கையைக் கட்டியோ அதட்டியோ மாஸ்க்கை அணிவித்தல் வைத்தியம் அன்று, வன்முறையாம். நோய் முற்றி, முகத்தில் எதுபடினும் அஞ்சி நடுங்கும் நிலையடைந்தார்க்கு, ஒருக்களித்த படுக்கையும் உயர்ந்த தலையணையும் அருகில் இருப்பாரது அன்பும் போதும். பல முறை பொறுமையோடு முயன்றும் அவர் வேண்டாமென்றால் விடுதலே மரியாதை. ஆனால், முயலாமல் விடுதல் வேறு; முயன்று விடுதல் வேறு. ஆதலின், அறிவு தெளிவாயுள்ள தொடக்கத்திலேயே அவரிடம் நேரிற் சொல்லி, அவர் விருப்பத்தை அறிந்து, அவர் தாமே கற்றுக்கொள்ளும் காலத்திலே தொடங்குதல் சாலச் சிறந்தது. காலம் தாழ்த்துதலால் நாம் இழப்பது இந்த உடன்பாட்டையே.

வைத்தியசாலைகளிடமும் எமக்கு வேண்டுகோள் உண்டு. மறதிக்கென்று வருவார் யாவரிடத்தும் 'இரவில் மூச்சு எவ்வாறு?' என்னும் ஒரு வினாவை, அருகிற் படுப்பாரை நோக்கி வினவுதல் முறையாதல் வேண்டும். நோயாளர் அதற்கு விடையறியார். உறக்கச் சோதனை அறையில் வீட்டார் ஒருவர் உடனிருக்க இடங்கொடுத்தல் வேண்டும். கருவியின் விலை பல்லாயிரம் ரூபாயாதலின், சில வாரம் வாடகைக்குத் தந்து, ஏற்குமா என்று கண்ட பின் வாங்கச் செய்தல் நேர்மையாகும். இத்துணைப் பொறுப்பும் வீட்டில் ஒரு பெண்மகளின் தலைமேலேயே விழுவதை வீட்டார் உணர்தல் வேண்டும். இரவுக் காவலை மகனும் பேரனும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளாத இல்லத்தில் எக்கருவியும் நெடுநாள் ஓடாது.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் செல்லும்போது நும் தாத்தாவோ பாட்டியோ உறங்கும் அறையில், கைப்பேசியைப் புறத்தே வைத்து, ஓர் அரைமணி நேரம் விழித்திருந்து செவிகொடுமின். குறட்டை நிற்கும், அப்போது எண்ணத் தொடங்குமின். பத்துக்கு மேற் செல்லுமாயின் ஒரு தாளிற் குறித்து வைத்தியரிடம் கொண்டு செல்லுமின். நாம் குழந்தைகளாய் இருந்த நாளில், நம் மூச்சு சீராக வருகின்றதா என்று நள்ளிரவில் விளக்கேற்றிக் குனிந்து பார்த்தவர் அவர். அன்று அவர் பார்த்ததை நாம் அறியோம். இன்று நாம் பார்ப்பதை அவர் அறியார். அறியாவிடினும், காலையில் ஒரு நாழிகை தெளிவோடு விழித்திருந்து நம்மோடு காப்பி அருந்துவராயின், அதுவே நமக்குப் போதிய கைம்மாறாகும்.